ஒரே ஸ்ட்ரக்ட், ஐந்து மொழிகள்: செருகுநிரல் இடைமுகத்தின் டேட்டா வகைகளைச் சீராக்கிய செய்முறை

வேலை இது: சி++ மொழியில் எழுதப்பட்ட ஒரு படத்திருத்தி இருக்கிறது. அதற்கான வடிப்பான்கள் எல்லாம் வெளியிலிருந்து செருகுநிரல்களாக வரும். விண்டோஸில் டிஎல்எல் கோப்பு, லினக்ஸில் எஸ்ஓ கோப்பு. செருகுநிரல் எழுதுபவர் சி++, ரஸ்ட், சி ஷார்ப், ஃப்ரீ பாஸ்கல் ஆகிய நான்கில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். சோதனைகள் பைத்தானின் சிடைப்ஸ் (சி ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவும் தொகுதி) வழியாக ஓடும். ஓட வேண்டிய இடங்கள் 64-பிட் விண்டோஸ், 32-பிட் விண்டோஸ், 64-பிட் லினக்ஸ் (இன்டெல், ஆர்ம் இரண்டும்). சி ஷார்ப் செருகுநிரலை நேட்டிவ் ஏஓடி முறையில் (முன்கூட்டியே நேரடி இயந்திரக் குறியீடாக) கம்பைல் செய்கிறோம். 32-பிட் விண்டோஸுக்கு அது டாட்நெட் 9 முதல்தான் கிடைக்கும், அதற்கு முந்தைய பதிப்பில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இடைமுகம் சி மொழியின் ஃபங்ஷன்களாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எல்லா மொழிக்கும் பொதுவாகப் பேச வருவது அது ஒன்றுதான். ஆனால் "சி ஹெடர் (இடைமுக அறிவிப்புகள் உள்ள கோப்பு) கொடுத்துவிட்டோம், இனி எல்லாம் சரி" என்று நிறுத்திவிட முடியாது. சி மொழியின் வகைப் பெயர்கள் அளவைச் சொல்வதில்லை. இடைமுகத்தை எந்த மொழியின் வகைகளாலும் எழுதாமல் பைட்டுகளால் எழுத வேண்டும்: எத்தனை பைட், எந்த இடத்தில், குறி உண்டா இல்லையா, யாருக்குச் சொந்தம். ஹெடர் அதன் ஒரு பிரதி மட்டுமே.

பழைய ஹெடரில் இருந்தது

ஒரு ஸ்ட்ரக்டில் (உறுப்புகளை நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பு) நான்கே உறுப்புகள்: படத்தைத் திருப்ப வேண்டுமா என்பதற்கு ஒரு பூல் (உண்மை/பொய்), அகலத்துக்கு ஒரு லாங், காமாவுக்கு ஒரு டபுள், பிக்சல் வடிவத்துக்கு ஒரு எனம் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்). ஒவ்வொன்றும் எந்த பைட்டில் தொடங்குகிறது என்று அச்சிட்டுப் பார்த்தால் கிடைப்பது:

| சூழல் | பூல் | லாங் | டபுள் | எனம் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| 64-பிட் லினக்ஸ், சி++ | 0 | 8 | 16 | 24 | 32 |
| 64-பிட் விண்டோஸ், சி++ | 0 | 4 | 8 | 16 | 24 |
| 32-பிட் விண்டோஸ், சி++ | 0 | 4 | 8 | 16 | 24 |
| சி ஷார்ப், இயல்பு மார்ஷலிங் | 0 | 8 | 16 | 24 | 32 |

லாங் என்பது 64-பிட் லினக்ஸில் 8 பைட், 64-பிட் விண்டோஸில் 4 பைட். சி ஷார்ப்பின் லாங் எங்கே ஓடினாலும் 8 பைட். ஆகவே அதே சி ஷார்ப் செருகுநிரல் லினக்ஸில் ஒழுங்காக ஓடும். விண்டோஸுக்குப் போனதும் அகலம் இருக்க வேண்டிய இடத்தில் காமாவின் பிட்டுகளைப் படிக்கும். ரஸ்டில் அகலத்தை ஐ64 என்று கையால் எழுதியவருக்கும் இதே கதிதான்.

பூல் இன்னும் நயவஞ்சகமானது. சி++ கம்பைலர்கள் அதற்கு 1 பைட் கொடுக்கின்றன. டேட்டாவை எல்லை தாண்டும்போது மாற்றித் தரும் வேலையே மார்ஷலிங்; சி ஷார்ப்பில் அதைச் செய்யும் மார்ஷல் வகுப்பு பூலை வின்32 பூல் என்று எடுத்துக்கொண்டு 4 பைட் படிக்கும். பூஜ்யம் இல்லாத எதுவும் 'உண்மை'. மேலே உள்ள அட்டவணையில் லினக்ஸ் வரியும் சி ஷார்ப் வரியும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. ஆனாலும் பூலுக்குப் பின்னால் இருக்கும் நிரப்பு பைட்டுகளில் (கம்பைலர் இடையில் விடும் காலி இடம்) பழைய குப்பை கிடந்தால், ஹோஸ்ட் (இங்கே படத்திருத்தி) 'பொய்' என்று எழுதியதைச் செருகுநிரல் 'உண்மை' என்று படிக்கும். குப்பை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் என்பதால் படம் சில சமயம் தலைகீழாக வரும், சில சமயம் வராது. டீபக் பில்டில் நினைவகத்தைப் பூஜ்யமாக நிரப்பும் ஹோஸ்டில் இந்தக் கோளாறு தலையே காட்டாது. எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு: ரஸ்டின் பூலில் 0, 1 தவிர வேறு மதிப்பு வந்து விழுந்தால் அது வரையறையற்ற நடத்தை. கம்பைலர் அந்த இடத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

எனம் கதையும் அப்படியே. அதன் அளவை சி மொழி கம்பைலரிடம் விட்டுவிடுகிறது. பெரும்பாலும் 4 பைட், குறும் எனம் வசதியை இயக்கினால் 1 பைட் ஆகலாம். ஃப்ரீ பாஸ்கலில் இயல்பு முறையில் 4 பைட். டெல்ஃபி முறைக்கு மாற்றினால் 1 பைட். அளவைச் சரிசெய்துவிட்டாலும் மதிப்பில் சிக்கல் நிற்கும். ஹோஸ்ட் நாளைக்குப் புதிய பிக்சல் வடிவம் ஒன்றைச் சேர்த்து, அதற்கு 5 என்று எண் கொடுத்து, பழைய ரஸ்ட் செருகுநிரலுக்கு அனுப்புகிறது. அங்கே எனமில் 0 முதல் 4 வரைதான் உண்டு. இதுவும் வரையறையற்ற நடத்தை. எனம் என்பது மொழிக்குள்ளே வைத்துக்கொள்ள நல்ல பொருள், எல்லை தாண்டி அனுப்ப உகந்தது அல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரண கேர் (ஒரு பைட் எழுத்து வகை) இன்டெல்லில் குறியுள்ளது, ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. 128 என்ற பைட் ஒரு பக்கம் மைனஸ் 128 ஆகும். அகல எழுத்து வகை விண்டோஸில் 2 பைட், லினக்ஸில் 4. லாங் டபுள் விண்டோஸின் விஷுவல் சி++ கம்பைலரில் 8 பைட், 64-பிட் லினக்ஸில் 16 பைட். அதிலும் இன்டெல்லில் உள்ளே இருப்பது 80 பிட் எண், ஆர்மில் 128 பிட் எண். பாஸ்கலின் இன்டிஜர் ஃப்ரீ பாஸ்கலின் இயல்பு முறையில் 2 பைட்டே! டெல்ஃபியிலிருந்து வருபவர்கள் 4 என்று நம்பி எழுதுவார்கள். இவை எதுவும் புதிய ஹெடரில் இல்லை.

அனுமதித்த வகைகள்

எட்டே எட்டு: ஐ8, யு8, ஐ32, யு32, ஐ64, யு64, எஃப்32, எஃப்64. ஐ என்றால் குறியுள்ள முழு எண், யு என்றால் குறியற்றது, எஃப் என்றால் ஐஇஇஇ 754 மிதவைப் புள்ளி எண் (இங்கே சுருக்கமாகத் தசமம்). சி பக்கத்தில் இவை எஸ்டிடின்ட் ஹெடரின் நிலையான அகல வகைகள். 16 பிட் வகைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டோம்; ஸ்ட்ரக்டில் அவை மிச்சப்படுத்தும் இடத்தைவிட நிரப்பு பைட் கணக்கில் தரும் தலைவலி அதிகம். பிக்சல் டேட்டாவுக்குள் 16 பிட் தாராளமாக வரலாம், அது வேறு விஷயம்.

இவற்றுக்கு மேல் கட்டிய பொருள்கள்:

உண்மை/பொய் தனி உறுப்பாக வராது. யு32 கொடிகள் ஒன்று வைத்து, அதில் ஒரு பிட் ஒதுக்கப்படும். 32 கொடிகளுக்கு 4 பைட்தான் செலவு, பூல் சண்டையும் முடிந்தது.

நேரம் என்பது 1970 ஜனவரி 1, யுடிசி நள்ளிரவிலிருந்து கணக்கிட்ட மைக்ரோசெகண்ட், ஐ64. விண்டோஸின் ஃபைல்டைம் 1601இல் தொடங்கி 100 நானோசெகண்ட் துண்டுகளாக ஓடுவதால், அதை 10ஆல் வகுத்து 1164,44,73,600 விநாடிகளுக்குரிய மைக்ரோசெகண்டைக் கழிக்க வேண்டும். பாஸ்கலின் டிடேட்டைம் 1899 டிசம்பர் 30இலிருந்து நாள் கணக்கு, டபுளில். 25,569ஐக் கழித்து 86,400ஆலும் 10 லட்சத்தாலும் பெருக்கி, ரவுண்ட் செய்யுங்கள். ட்ரங்க் செய்தால் (பின்னத்தை வெட்டினால்) ஒரு மைக்ரோசெகண்ட் அவ்வப்போது குறைந்துபோகும், ஏனெனில் இன்றைய தேதிகளில் அந்த டபுளின் மிகச் சிறிய படியே சுமார் 0.6 மைக்ரோசெகண்ட்.

பிக்சல் வடிவத்துக்கு எனமுக்குப் பதிலாக ஒரு யு32. அதைப் பிரித்து அர்த்தம் கொடுக்கும் யோசனை டிஎல்பேக்கிலிருந்து வந்தது. இயந்திரக் கற்றல் லைப்ரரிகள் தங்களுக்குள் டென்சர்களைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் ஹெடர் அது. கீழ் 8 பிட்டில் வகை (0 குறியுள்ள முழு எண், 1 குறியற்றது, 2 தசமம்), அடுத்த 8 பிட்டில் ஒரு சானலுக்கு எத்தனை பிட், மேல் 16 பிட்டில் எத்தனை சானல். 8 பிட் நான்கு சானல் படம் என்றால் 1 + 8×256 + 4×65,536 = 2,64,193. 16 பிட் ஒற்றைச் சானல் 69,633. 32 பிட் தசம நான்கு சானல் 2,70,338. புதிய வடிவம் வந்தாலும் பழைய செருகுநிரல் எண்ணைப் பிரித்துப் பார்த்து "இது எனக்கு வராது" என்று மரியாதையாகப் பிழைக் குறியீடு திருப்பலாம். வரிசை எண்ணால் இந்த வசதி கிடைக்காது.

ஸ்ட்ரிங்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். விதி: யுடிஎஃப்-8 பைட்டுகள், பாயின்டர் ஒன்று, பைட் எண்ணிக்கை யு64 ஒன்று. முடிவில் பூஜ்ய பைட் இருக்கும் என்று யாரும் நம்பக் கூடாது, இருந்தாலும் எண்ணிக்கையில் சேராது.

நீளம் என்றால் பைட் என்று ஹெடரில் எழுதியே வைக்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீட்டுப் புள்ளிகள். யுடிஎஃப்-8இல் 15 பைட். சி ஷார்ப் உள்ளே வைத்திருக்கும் யுடிஎஃப்-16இல் 10 பைட், நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். பைத்தானும் 5 என்று சொல்லும், ரஸ்ட் 15 என்று சொல்லும். ஆங்கிலச் சொல்லை வைத்துச் சோதித்தால் இந்த எண்கள் பலவும் ஒன்றாகவே வந்து கோளாற்றை மறைத்துவிடும். ஆகவே சோதனைக் கோப்புப் பெயர்கள் எல்லாமே தமிழில் வைக்கப்பட்டன. தமிழ் வாசகர்களுக்கு இது கைவசம் இருக்கும் நல்ல கருவி.

அதே சோதனை விண்டோஸில் இன்னொன்றையும் பிடித்துக் கொடுக்கும். தமிழுக்கு விண்டோஸில் பழைய ஆன்ஸி கோட்பேஜ் கிடையாது. செருகுநிரல் எங்காவது 'ஏ' என்று முடியும் பழைய கோப்பு ஃபங்ஷனைக் கூப்பிட்டால், ஆங்கில விண்டோஸில் தமிழ்க் கோப்புப் பெயர் முழுக்கக் கேள்விக்குறிகளாகும். யுடிஎஃப்-8ஐ யுடிஎஃப்-16 ஆக மாற்றி 'டபிள்யூ' என்று முடியும் ஃபங்ஷனையே கூப்பிட வேண்டும். லினக்ஸில் கோப்புப் பெயர் வெறும் பைட் வரிசை, அது சரியான யுடிஎஃப்-8 என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே பாதை என்பதற்கு மட்டும் "பைட்டுகளைத் தொடாமல் அப்படியே திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி கூடுதல்.

செருகுநிரல் ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தர வேண்டுமானால், கூப்பிடுபவர் பஃபரும் அதன் கொள்ளளவும் கொடுப்பார். தேவையான பைட் எண்ணிக்கையை ஃபங்ஷன் சொல்லும். கொள்ளளவு போதாவிட்டால் எதையுமே எழுதக் கூடாது. பல இடைமுகங்கள் முடிந்தவரை எழுதிவிட்டு வெட்டுகின்றன. 64 பைட் பஃபரில் தமிழ்க் குறியீட்டுப் புள்ளிகள் 3 பைட் வீதம் 21 அடங்கும், மீதி ஒரு பைட்டில் அடுத்த குறியீட்டுப் புள்ளியின் தலை மட்டும் தொங்கும். ரஸ்டின் யுடிஎஃப்-8 சரிபார்ப்பு அதை உடனே நிராகரிக்கும். குறியீட்டுப் புள்ளியின் எல்லை பார்த்து வெட்டினாலும் 'ழ்' என்பதன் புள்ளி கழன்று 'ழ' ஆகிவிடும். வெட்டுவது இடைமுகத்தின் வேலை இல்லை.

வெற்று ஸ்ட்ரிங்குக்கு ஒரு விதி தேவைப்பட்டது. சி++ ஆட்கள் நீளம் 0 என்றால் பாயின்டரும் நல் ஆக இருக்கட்டும் என்று விடுவார்கள். ரஸ்டில் நல் பாயின்டரிலிருந்து ஸ்லைஸ் கட்டுவது, நீளம் 0 ஆக இருந்தாலும், வரையறையற்ற நடத்தை. நல் அனுப்பலாம் என்று அனுமதித்து, பெறுபவர் நீளத்தை முதலில் பார்த்து 0 என்றால் பாயின்டரைத் தொடவே கூடாது என்று எழுதிவைத்தோம்.

இடம் ஒதுக்குவது

புதிய பட ஸ்ட்ரக்ட்:

| பைட் | வகை | உறுப்பு |
|---|---|---|
| 0 | யு32 | ஸ்ட்ரக்டின் அளவு |
| 4 | யு32 | பிக்சல் வடிவம் |
| 8 | யு32 | அகலம் |
| 12 | யு32 | உயரம் |
| 16 | ஐ64 | ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு எத்தனை பைட் |
| 24 | 8 பைட் கட்டம் | பிக்சல் பாயின்டர் |
| 32 | யு64 | பிக்சல் டேட்டாவின் மொத்த பைட் |
| 40 | எஃப்64 | காமா |
| 48 | யு32 | கொடிகள் |
| 52 | யு32 | காலி, 0 ஆக இருக்க வேண்டும் |

மொத்தம் 56 பைட், நான்கு சூழலிலும்.

இதை அடைய (நிரப்பு பைட்டை நெருக்கச் சொல்லும்) பேக் கட்டளை எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு உறுப்பும் தன் அளவின் மடங்கில் தொடங்குகிறது. மொத்தமும் 8இன் மடங்கு. அப்படி அடுக்கினால் கம்பைலருக்கு நிரப்பு பைட் போட இடமே இல்லை. 32-பிட் இன்டெல் லினக்ஸில் ஸ்ட்ரக்டுக்குள் டபுளுக்கு 4 பைட் அலைன்மென்ட் (எத்தனையின் மடங்கில் தொடங்க வேண்டும் என்பது), 32-பிட் விண்டோஸில் 8 பைட். இரண்டிலும் இந்த அடுக்கு ஒன்றுபோலவே வரும். பேக் 1 போட்டு நெருக்குவது சுலபமாகத் தெரியும். ஆனால் அதன் பிறகு ரஸ்டில் அந்த உறுப்புகளுக்கு ரெஃபரன்ஸ் எடுக்கக் கம்பைலர் விடாது, மற்ற மொழிகளில் அலைன் ஆகாத பாயின்டர்கள் சத்தமில்லாமல் உலவத் தொடங்கும். காலி இடத்தை வெளிப்படையாக உறுப்பாக எழுதுவதே ஆரோக்கியம்.

பாயின்டர் 32-பிட்டில் 4 பைட்தானே? அதற்காகத்தான் 8 பைட் கட்டம்: சி பக்கம் பாயின்டரும் யு64உம் ஒரே இடத்தைப் பகிரும் யூனியன். 32-பிட்டில் கீழ் 4 பைட்டில் பாயின்டர், மேல் 4 பைட் 0. சி ஷார்ப்பில் பாயின்டர் அளவுள்ள வகையை அப்படியே போடாமல், யு64 வைத்து இறுதியில் காஸ்ட் செய்யுங்கள். பாஸ்கலில் கேஸ் ரெக்கார்ட். ஸ்ட்ரக்டை உருவாக்குபவர் முதலில் முழுதையும் பூஜ்யமாக்கிவிட்டு நிரப்ப வேண்டும்.

வரிசைத் தூரம் ஐ64 ஆக, அதுவும் குறியுள்ளதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் பிட்மேப்கள் பெரும்பாலும் கீழ் வரிசையிலிருந்து மேலே அடுக்கப்பட்டவை. அவற்றைப் பிரதி எடுக்காமலே காட்ட மைனஸ் தூரம் போதும். பாயின்டர் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் முதல் வரிசையைக் காட்டும். யு32 அகலத்தையும் உயரத்தையும் பெருக்கும்போது 64 பிட்டுக்கு மாற்றிவிட்டுப் பெருக்குங்கள்: 40,000 × 40,000 நான்கு சானல் என்றாலே 640 கோடி பைட், யு32இன் உச்சமோ 429 கோடிச் சொச்சம்.

ஃபங்ஷன்கள், உரிமை, பிழை

செருகுநிரல் ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் வெளியே காட்டும். ஹோஸ்டின் ஃபங்ஷன் அட்டவணைக்கான பாயின்டர் உள்ளே போகும், செருகுநிரலின் அட்டவணை வெளியே வரும். எஸ்க்யூலைட்டின் விரிவாக்கங்களும் ஹோஸ்டின் ஃபங்ஷன் அட்டவணையை இப்படித்தான் பெறுகின்றன. 2022இல் வெளிவந்த கிளாப் என்ற ஆடியோ செருகுநிரல் இடைமுகமும் ஒற்றை நுழைவாயிலோடு நிற்கிறது.

ஸ்ட்ரக்டுகள் பாயின்டர் வழியாகவே போகும், மதிப்பாகப் போகாது, மதிப்பாகத் திரும்பாது. சிறிய ஸ்ட்ரக்டை ரிஜிஸ்டரில் வைப்பதா ஸ்டாக்கில் வைப்பதா என்பது விண்டோஸில் ஒரு விதி, லினக்ஸில் ஒரு விதி. எண்ணிக்கை மாறும் ஆர்க்யுமென்ட் உள்ள, பிரின்ட்எஃப் போன்ற ஃபங்ஷனும் வேண்டாம். ஆப்பிளின் ஆர்ம் இயந்திரங்களில் அவற்றின் ஆர்க்யுமென்டுகள் சாதாரண ஃபங்ஷன்களைப் போல ரிஜிஸ்டரில் போவதில்லை, நாளைக்கு அங்கே போனால் சிடைப்ஸ் சோதனைகள் பொய் சொல்லும்.

கூப்பிடும் முறை எங்கும் சிடெக்ல் (ஸ்டாக்கைக் கூப்பிட்டவரே சுத்தம் செய்யும் முறை). 64-பிட் விண்டோஸில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை, எழுதாவிட்டாலும் ஓடும். அதனாலேயே 32-பிட்டுக்கு வரும்போது மறந்துபோயிருக்கும். சி ஷார்ப்பின் டிஎல்எல்இம்போர்ட் 32-பிட் விண்டோஸில் எஸ்டிடிகால் என்று எடுத்துக்கொள்ளும். ஃப்ரீ பாஸ்கல் 32-பிட் இன்டெல்லில் ரிஜிஸ்டர் முறையை எடுத்துக்கொள்ளும். முறை பொருந்தாவிட்டால் க்ராஷ் பெரும்பாலும் கூப்பிட்ட இடத்தில் நடக்காது, ஸ்டாக் நகர்ந்துபோய், சம்பந்தமே இல்லாத வேறு ஃபங்ஷன் திரும்பும்போது நடக்கும்.

நினைவகத்தில் ஒரே சட்டம்: ஒதுக்கியவரே விடுவிக்க வேண்டும். விண்டோஸில் ஒவ்வொரு டிஎல்எல்லும் தனக்கென ஒரு சி ரன்டைமும் ஹீப்பும் வைத்திருக்கலாம். ஒன்றில் எடுத்ததை இன்னொன்றில் விடுவித்தால் ஹீப் கெடும். லினக்ஸில் பெரும்பாலும் ஒரே லிப்சி என்பதால் தப்பு தெரியாமல் ஓடும், அது இன்னும் மோசம். செருகுநிரல் நீண்டகாலம் வாழும் நினைவகம் வேண்டுமென்றால் ஹோஸ்ட் அட்டவணையில் உள்ள ஒதுக்கு, விடுவி ஃபங்ஷன்களைக் கூப்பிடலாம்.

எல்லா ஃபங்ஷனும் ஐ32 திருப்பும். 0 வெற்றி, மைனஸ் பிழை. எக்செப்ஷன் எல்லையைத் தாண்டக் கூடாது. சி++ இல் ஒவ்வொரு நுழைவிலும் எல்லாவற்றையும் பிடிக்கும் கேட்ச். ரஸ்டில் கேட்ச்_அன்வைண்ட், அது இல்லாமல் பானிக் (ரஸ்டின் எக்செப்ஷன் போன்றது) எல்லையைத் தொட்டால் 1.81 பதிப்பு முதல் ப்ராசஸ் முழுவதும் நிறுத்தப்படும், பயனரின் சேமிக்காத படத்தோடு சேர்த்து. பாஸ்கலில் 0.0ஐ 0.0ஆல் வகுத்தாலே இயல்பாக எக்செப்ஷன் எழும், சி++, ரஸ்ட், சி ஷார்ப் மூன்றும் நான் (NaN, 'எண் அல்ல') என்ற மதிப்பைத் தரும். ஆகவே பாஸ்கல் நுழைவாயில்களில் மிதவைப் புள்ளி எக்செப்ஷன்களை மறைத்துவிட்டு, வெளியேறும்போது பழைய நிலையைத் திருப்பி வைக்க வேண்டும்.

கால்பேக்கில் இரண்டு உறுப்புகள் எப்போதும் ஜோடியாக வரும்: ஃபங்ஷன் பாயின்டர், பயனர் டேட்டாவுக்கான 8 பைட் கட்டம். சி ஷார்ப் டெலிகேட்டை ஒரு ஸ்டாடிக் ஃபீல்டில் பிடித்து வைக்காவிட்டால் கார்பேஜ் கலெக்டர் அதைத் தூக்கிவிடும். பைத்தானின் சிஃபங்க்டைப் பொருளும் அதே. ஆரம்பத்தில் சரியாகக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் கழித்து க்ராஷ் ஆனால் முதலில் இதைப் பாருங்கள்.

இயந்திரத்தைக் கொண்டே சரிபார்ப்பது

மேலே எழுதிய எல்லாமே ஆவணமாக மட்டும் இருந்தால் ஆறு மாதத்தில் கெட்டுவிடும். மூன்று அடுக்குச் சோதனை வைத்தோம்.

முதல் அடுக்கு கம்பைல் நேரம். சி++ இல் ஸ்டாடிக்_அசர்ட், ஆஃப்செட்ஆஃப். ரஸ்டில் கான்ஸ்ட் அசர்ட். ஆஃப்செட்_ஆஃப் மேக்ரோ 1.77 முதல் நிலையானது. ஃப்ரீ பாஸ்கலில் நிபந்தனைக் கட்டளைக்குள் சைஸ்ஆஃப் 56 இல்லையென்றால் ஃபேட்டல். ரெக்கார்டுக்கு மேலே பேக்ரெக்கார்ட்ஸ் சி என்ற கட்டளை கட்டாயம். சி ஷார்ப்பில் கம்பைல் நேரத்தில் வழி இல்லை, தொடக்கத்தில் மார்ஷலின் சைஸ்ஆஃப், ஆஃப்செட்ஆஃப் இரண்டையும் அச்சிட்டு ஒப்பிட வேண்டும். மொழியின் சொந்த சைஸ்ஆஃப் பூலுக்கு 1 சொல்லும், மார்ஷல் 4 சொல்லும். இரண்டும் வேறானால் அந்த ஸ்ட்ரக்டில் மாற்றம் தேவைப்படும் வகை ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது அடுக்குதான் இந்த வேலையில் அதிகப் பலன் தந்தது. ஹோஸ்ட் 56 பைட் பஃபரில் 1, 2, 3 என்று 56 வரை வரிசையாக நிரப்பி, செருகுநிரலின் சோதனை ஃபங்ஷனிடம் கொடுக்கும். அது ஒவ்வொரு முழு எண் உறுப்பையும் படித்து ஹோஸ்டுக்கே திருப்பிச் சொல்லும். காமாவை மட்டும் அதன் 8 பைட்டையும் யு64 ஆக நகலெடுத்துச் சொல்ல வேண்டும். இங்கே உள்ள எல்லா இயந்திரங்களும் லிட்டில் எண்டியன் (எண்ணின் கீழ் பைட் முதலில் வரும்). 0வது பைட்டின் யு32 6,73,05,985 என்று வர வேண்டும். 13,46,78,021 என்று வந்தால்? அதை 256ஆல் வகுத்த மீதி 5. ஒன்றைக் கழித்தால் 4. செருகுநிரல் 4வது பைட்டிலிருந்து படித்திருக்கிறது. கீழ் பைட்டில் ஒன்று கழித்தால் படித்த இடம், மேலே எத்தனை பைட் பூஜ்யமாக இருக்கிறது என்பதைப் பார்த்தால் படித்த அகலம். டீபக்கர் திறக்காமலே எந்த உறுப்பில் எத்தனை பைட் நகர்ந்தது என்று தெரிந்துவிடும். பாயின்டர் கட்டத்தை இந்தச் சோதனையில் எண்ணாகவே படிக்க வேண்டும், அதைப் பின்தொடரக் கூடாது.

மூன்றாவது, எல்லை மதிப்புகளை அனுப்பித் திரும்ப வாங்குவது. ஐ32க்கு 0, 1, மைனஸ் 1, 2147483647, மைனஸ் 2147483648. யு32க்கு 4294967295. ஐ64க்கு உச்சம், நீச்சம் இரண்டோடு 9007199254740993. வழியில் எங்காவது டபுள் ஆக மாறினால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். யு8க்கு 128. எஃப்64க்கு 0.1, மைனஸ் பூஜ்யம், முடிவிலி, நான்; தசமங்களை '=' போட்டு ஒப்பிடாமல் பிட்டுகளாக ஒப்பிடுங்கள்.

சிடைப்ஸ் பக்கம் இரண்டு பொறிகள். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஆர்க்டைப்ஸ், ரெஸ்டைப் இரண்டையும் எழுதாவிட்டால், திரும்பும் மதிப்பை 32 பிட் முழு எண் என்று எடுத்துக்கொண்டு பாயின்டரின் மேல் பாதியை வெட்டும். ரெஸ்டைப்பை சி_கேர்_பி என்று எழுதினால் பைத்தான் அதை பைட்ஸ் பொருளாக மாற்றித் தரும், பழைய பாயின்டர் கையில் இருக்காது, விடுவிக்க வழியில்லை. வாய்ட் பாயின்டராக வாங்கிக்கொண்டு, ஸ்ட்ரிங்_அட் கொண்டு நீளத்தோடு படிக்க வேண்டும்.

புதிய உறுப்பு சேர்க்கும்போது

முதல் உறுப்பு ஸ்ட்ரக்டின் அளவு. வின்32 ஸ்ட்ரக்டுகள் பலவற்றில் நெடுங்காலமாகப் புழங்கும் முறை இது. 56வது பைட்டில் ஒரு யு64 சேர்த்தால் அளவு 64. படிப்பவர் புதிய உறுப்பைத் தொடும் முன், அளவு 64ஐவிடக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரிசமமா என்று கேட்டால் அடுத்த பதிப்பிலேயே உடையும். 52இல் உள்ள காலி இடத்தைப் பயன்படுத்த வேண்டுமானால், 0 என்ற மதிப்புக்குப் பழைய நடத்தையே பொருளாக இருக்க வேண்டும். பழைய செருகுநிரல்கள் அங்கே 0தான் எழுதியிருக்கும். செருகுநிரல் அந்த இடத்தில் 0 அல்லாததைக் கண்டால் "தெரியாத கோரிக்கை" என்ற பிழையைத் திருப்ப வேண்டும், கண்டுகொள்ளாமல் போகக் கூடாது.

ஸ்ட்ரக்டுகளின் வரிசைக்கும் இந்த அளவே படி. பத்துப் படங்களை அடுக்காக அனுப்பினால், அடுத்த படத்துக்குப் போகத் தன் கம்பைலரின் சைஸ்ஆஃப் பயன்படுத்தக் கூடாது. முதல் உறுப்பில் எழுதியிருக்கும் அளவைக் கூட்டியே நகர வேண்டும். 64 பைட் ஹோஸ்டோடு 56 பைட் செருகுநிரலைக் கோத்து, மூன்று படங்கள் கொண்ட வரிசையை அனுப்பும் சோதனை இதற்காகவே தொகுப்பில் இருக்கிறது. இரண்டாவது படத்தின் அகலம் தப்பாக வந்தால் யாரோ சைஸ்ஆஃப் கொண்டு நகர்ந்திருக்கிறார்கள்.

உறுப்பை நீக்குவது கிடையாது. காமா நாளைக்குத் தேவைப்படாமல் போனால் ஹெடரில் அதன் பெயர் 'காலி_40' என்று மாறும், 40 முதல் 47 வரை அந்த 8 பைட்டும் அங்கேயே இருக்கும், ஹோஸ்ட் அதில் 1.0 எழுதிக்கொண்டே இருக்கும்.